முடிவு என்ற கட்டம்

நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள்.
டயர் கடை மேல்மாடியில்
ஒன்பது வருஷத்துச் செவ்வாய்க்கிழமைகள்
ஆறு நோட்டுப் புத்தகங்களில்.
ஒன்றைக் கறையான் ஓரம் பார்த்திருந்தது,
கடைசியில் தே தாரேக் கறை.
கணினியில் ஏற்று என்றது சங்கம்.
செயலாளர் நான்.
செலவுக்கு ஒதுக்கியது சுழியம் ரிங்கிட்.

இலவசம் என்று தேடினால் இலவசம் நிறைய.
ஆனால் எங்கள் பீடோங்கில்
மூன்று கணினிக்கு மூன்று சாதி.
கூட்டுறவுக் கழகம் தள்ளிவிட்ட பெட்டியில்
பழைய விண்டோஸ்; எழுந்திருக்க
ஒரு சிகரெட் நேரம் பிடிக்கும்.
கைப்பேசி பழுதுபார்க்கும் குணாளனிடம் லினக்ஸ்.
ஏன் என்று கேட்டுவிடாதீர்கள்,
கடை சாத்தும்வரை சொல்வான்.
மருந்துக்கடை சியூ லிங்கிடம் மேக்,
நம் விரல் பட்டால் துடைப்பாள்.

முதலில் இறக்கியது விண்டோஸுக்கு மட்டும்.
அழகு. பலகையில் மரத்தின் ரேகைகூட இருந்தது.
மேக் கதவையே திறக்கவில்லை.
குணாளன் ஏதோ மந்திரம் தட்டி
லினக்ஸில் எழுப்பினான்;
குதிரைகள் மட்டும் காணவில்லை.

இரண்டாவது மூன்றிலும் ஓடியது.
தமிழில் தட்டிய பெயர்களை
கேள்விக்குறிகளாக்கி வைத்துக்கொண்டது.
ஒரு மாலை முழுக்க
?????-க்கும் ???????-க்கும் ஆட்டம்.
??????? வென்றார்.

மூன்றாவதற்கு முகம் சரியில்லை.
சாம்பல் நிறப் பொத்தான்கள், தொண்ணூறுகளின் வாடை.
மூன்று கணினியிலும் அதே கோணல் முகம்.
என் வாக்கு அதற்கே.

அது கேட்டது: குடும்பப் பெயர்?
நமக்கு ஏது.
அப்பன் பெயருக்கு முன்னால் நிற்கும்
ஏ-எல்லையே குடும்பம் என்று நம்பி
பாதிச் சங்கத்தை ஒரே வீட்டில் அடைத்தது.
லாரி ஓட்டும் லெட்சுமணன்
மூன்று ஆளாய் நின்றான்:
அடையாள அட்டையில் ஓர் எழுத்து,
லைசென்ஸில் ஓர் எழுத்து,
போட்டிக்குப் பெயர் கொடுக்கையில் நான் எழுதியது ஒன்று.
ஒருவன் சுமாராய் ஆடினான்.
ஒருவன் எல்லாவற்றிலும் தோற்றான்.
மூன்றாமவனை யாரும் வென்றதே இல்லை.
இந்த மூவரும் ஒருவர்தானா
என்றது ஒரு சிறு பெட்டி.
ஆம் என்று அழுத்துமுன்
விரல் கொஞ்சம் யோசித்தது.

கடைசி நோட்டு, கடைசிக்கு முந்தின பக்கம்.
நான் வெள்ளை, அவன் கறுப்பு.
முப்பத்தெட்டாவதை அவன் வைத்ததும்
மின்சாரம் போனது.
மழை தகரத்தைப் போட்டு அடித்தது.
கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணினோம்,
அவனுக்கு ஒரு சிப்பாய் கூட.
"அடுத்த செவ்வா பாத்துக்கலாம்" என்றான்.
அடுத்த செவ்வாய் அவன் ஜொகூரில்,
விடியுமுன் பாலம் தாண்டும்
மோட்டார் சைக்கிள் வரிசையில்.
செம்பனைக் குலை ஏற்றிக் கிடைத்ததைவிட
அந்தப் பக்கம் மூன்று மடங்காம்.

முடிவு என்ற கட்டத்தை
காலியாய் விட விடவில்லை அது.
வெள்ளை வென்றது, கறுப்பு வென்றது, சமன்,
இல்லையென்றால் ஒரு நட்சத்திரக் குறி.
சமன் என்று போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்.
ஆனால் எண்ணெய் ஆலை வாசலில்
எடை போடுகிறவள் நான்.
அவன் லாரியும் என் தராசில்தான் ஏறும்.
ஒரு கிலோ கூட்டிப் போட்டதில்லை.
நட்சத்திரத்தை அழுத்தினேன்.

ஆட்டங்களை வெறும் எழுத்தாய் வெளியே எடுக்கலாம்,
எந்தக் கணினியும் படிக்கும், கைப்பேசியும்.
அவனுக்கு அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி.
மூன்று நாள் பேச்சில்லை.
நாலாம் நாள், அதிகாலை மூன்று ஐம்பதுக்கு:

"இருபத்து மூணாவது தப்பு.
குதிரைய நான் அங்க வைக்கல.
நோட்ட நல்லா பாரு."

பார்த்தேன்.
தே தாரேக் கறைக்கு அடியில் அது எஃப்.
ஈ என்று படித்திருக்கிறேன்.
குதிரையை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

நட்சத்திரத்தைப் பற்றி
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பலகைக்குக் கீழே, சாம்பல் பட்டையில்,
சின்ன எழுத்தில் நிற்கிறது:
ஆட வேண்டியது வெள்ளை.